பெக்கி குந்திய வளவு

கிளிநொச்சியில் வாடகைக்கு வீடு எடுப்பது ஒன்றும் கடினமில்லை. இரண்டு கண் இருக்க வேண்டும், ஒரு மனைவி இருக்க வேண்டும், கேட்டவர் தலையாட்டும்படி ஒரு சொந்த ஊர் இருக்க வேண்டும், நாய் இருக்கக் கூடாது. எனக்கு எல்லாம் தலைகீழாக அமைந்துவிட்டது. கண் இரண்டும் போய்விட்டது. கல்யாணம் ஆகவில்லை. பிறந்தது பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். நாய் இருக்கிறது.

நாயின் பெயர் பெக்கி. கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றில் நானும் அவளும் ஒன்றாக வேலை பார்த்தோம். அவள் மண்ணை மோந்துகொண்டு முன்னால் போவாள். நான் நீளக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு சம்பளம் வாங்குவேன். மண்ணுக்குள் வெடிமருந்து மணக்கிறதென்றால் அந்த இடத்திலேயே குந்திவிடுவாள். குரைக்க மாட்டாள், கிளற மாட்டாள், வாலைக்கூட ஆட்ட மாட்டாள். அவ்வளவுதான் அவள் படித்த படிப்பு. ஒருநாள் அவளுக்குக் காய்ச்சல் என்று லீவு கொடுத்தார்கள். எனக்குக் காய்ச்சல் இல்லை, நான் வேலைக்குப் போனேன். வெளிச்சத்தைக் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான். தேவைக்கு அதிகமாகவே பார்த்தேன்.

கொஞ்சக் காலத்தில் அவளுக்கும் வயதாகி, இருவரையும் நிறுவனம் ஒரே நாளில் வழியனுப்பி வைத்தது. எனக்கு ஒரு கேடயம், அவளுக்கு ஒரு பை பிஸ்கட். அவளுக்குக் கிடைத்தது பயன்பட்டது.

இப்போதும் அவள்தான் முன்னால் நடக்கிறாள். பள்ளம் வந்தால் நிற்பாள். மோட்டார் சைக்கிள் வந்தால் ஓரத்துக்கு இழுப்பாள். பஸ் ஏறி, ஏ-நைன் வீதியைக் கடந்து, நான் தொலைபேசி எடுத்துப் பதில் சொல்லும் வேலை பார்க்கிற அலுவலகத்துக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். அவள் இல்லாவிட்டால் எனக்கு உலகம் வாசல் கேற்றடியோடு முடிந்துவிடும்.

இருந்த அறையை விடச் சொன்னார்கள். வீட்டுக்காரரின் மகளுக்குக் கல்யாணம், மாப்பிள்ளைக்கு அறை வேண்டும். மாத முடிவுக்குள் இடம் கிடைக்காவிட்டால் வவுனியாவில் ஓர் இல்லத்தில் கட்டில் தருவதாகத் தெரிந்தவர்கள் சொன்னார்கள். மிக நல்ல இல்லமாம். மூன்று நேரமும் சாப்பாடு, காலையில் பிரார்த்தனை, நாய்க்கு அனுமதி இல்லை. வேலையையும் பெக்கியையும் விட்டுவிட்டுப் போனால் பிரார்த்திப்பதற்கு எனக்கு நிறையவே விசயம் இருக்கும்.

வீடு தேட நிஷாந்தனைப் பிடித்தேன். பகலில் ஓட்டோ ஓட்டுவான், இடையில் காணித் தரகு, வீட்டுத் தரகு, சில நேரம் கல்யாணத் தரகு. என்னைக் கண்டதும் கல்யாணத் தரகை மட்டும் அவனாகவே கைவிட்டான்.

முதலில் பரந்தனில் ஒரு வீடு. சொந்தக்காரர் யோகநாதன் கனடாவில். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மச்சாள் வீடியோவில் அவரைக் கூப்பிட்டுத் தந்தார். யோகநாதன் அண்ணர் மிக அன்பாகப் பேசினார். என் கண்ணுக்காக இரண்டு தரம் பெருமூச்சு விட்டார். பின்னால் ஒரு நாய் குரைத்தது. அது தங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி என்றும், அதற்குத் தனிக் கட்டில், தனி டொக்டர், காப்புறுதி எல்லாம் இருக்கிறதென்றும் சொன்னார். எனக்கு நம்பிக்கை பிறந்தது. என்னிடமும் ஒரு பிள்ளை இருக்கிறது என்றேன்.

"தம்பி, கோவிக்காதேங்கோ," என்றார். "இஞ்சத்தை நாயள் வேறை, அங்கத்தை நாயள் வேறை."

பெக்கி ஐரோப்பாவில் பிறந்தவள், கடதாசியெல்லாம் சரியாக வைத்துக்கொண்டு விமானத்தில் வந்தவள், வந்த வேலையைச் செய்து முடித்தவள் என்று சொல்ல வாயெடுத்தேன். அது அவருடைய பயணத்தைக் குத்திக்காட்டுவது போல ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது நகரத்துக்குள். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவருடைய வீட்டின் பின்பகுதி. அவர் என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தினார். மாற்றுத்திறனாளிகளுக்காக இந்தச் சமூகம் இன்னும் என்னென்ன செய்ய வேண்டும் என்று தேநீர் ஆறும்வரை விளக்கினார். வீட்டை எனக்குத் தருவதில் தனக்குப் பெருமை என்றார். நாய் மட்டும் வேண்டாம். வெடி தேடும் நாய் ஒன்று ஒழுங்கையில் நடமாடினால் சனம் இங்கே ஏதோ இருக்கிறதென்று நினைக்கும், காணிக்கு மதிப்பு விழுந்துவிடும் என்றார். நாய்க்குப் பதிலாகத் தன் சொந்தச் செலவில் எனக்கு ஒரு வெள்ளைப் பிரம்பு வாங்கித் தருவாராம், சின்னதாக ஒரு நிகழ்வும் வைக்கலாமாம். நிகழ்வுகளில் கிடைத்த வெள்ளைப் பிரம்புகள் என் அறை மூலையில் விறகு போல அடுக்கிக் கிடக்கின்றன. எரிப்பதற்கும் உதவாது, அலுமினியம்.

பிறகு பார்த்த வீடுகளில் காரணங்கள் மாறின, பதில் மாறவில்லை. ஒருவருக்கு நாய்மயிரால் மூச்சிளைப்பு. ஒருவருக்கு என் ஊர்ப் பெயரைக் கேட்டதும் இளைப்பு. கடைசியில் நிஷாந்தன் தொழில் நுணுக்கத்தை மாற்றினான். வட்டக்கச்சியில் ஓர் அக்காவிடம் "ஒரு ஆளும் துணைக்கு ஒரு ஆளும்" என்று மட்டும் சொல்லி என்னைக் கூட்டிப்போனான்.

சிவனேஸ்வரி அக்கா தனியாக இருப்பவர். கணவர் இல்லை, மகள் பிரான்சில். வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை, சமைக்கச் சின்னக் குசினி, ஒழுங்கை முகப்பில் பஸ் நிற்கும். எனக்கென்றே கட்டியது போல இருந்தது. வளவின் ஓரத்தில் வேப்பமரத்தடியில் ஒரு வைரவர். அவரைப் பற்றி நிஷாந்தன் ஓட்டோவிலேயே சொல்லியிருந்தான். சண்டை முடிந்து, முகாமில் இருந்துவிட்டு அக்கா திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கிணற்றுக்குக் கட்டு இல்லை. ஆனால் முன்பு ஒன்றும் இல்லாத வேப்பமரத்தடியில் ஒரு கல்லும், பக்கத்தில் நட்ட இரும்புக் கம்பியும் இருந்தன. ஊரே அழிந்து கிடக்கத் தன் வளவுக்கு வைரவர் தானாக வந்துவிட்டார் என்று அக்காவுக்கு விளங்கிவிட்டது. கம்பியைப் பிடுங்கிச் சூலம் வைத்தார். வெள்ளிக்கு வெள்ளி விளக்கு, வருடத்துக்கு ஒரு பொங்கல், வடைமாலை. கேட்டது கிடைத்ததென்று பக்கத்து வளவுக்காரரும் கும்பிடத் தொடங்கினார்கள்.

"துணைக்கு ஆளெண்டுதானே சொன்னவன்," அக்காவின் குரல் கேற்றடியிலேயே எங்களை மறித்தது. "உது நாயெல்லே."

நான் வழக்கமாகச் சொல்லும் விளக்கத்தைத் தொடங்கினேன். கடிக்காது, ஊத்தை பண்ணாது, குளிப்பாட்டுவேன். பாதியில் பெக்கி என்னை இடப்பக்கம் இழுத்தாள். அவள் அப்படி இழுப்பதில்லை. மெல்ல நடந்தாள், இன்னும் மெல்ல நடந்தாள், நின்றாள். கயிறு தொய்ந்தது.

"குந்தீட்டாள் அண்ணை," என்றான் நிஷாந்தன். "வைரவருக்கு முன்னாலை. அசையிறாளில்லை."

அது எனக்கு ஒரு விதமாக விளங்கியது. அக்காவுக்கு வேறு விதமாக விளங்கியிருக்க வேண்டும்.

"வைரவரே," என்றார். "உன்ரை வாகனமெல்லே வந்து நிக்குது."

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நாய்மயிர், ஊத்தை, என் ஊர், என் கண் எதுவும் அக்காவுக்குப் பிரச்சினையாக இல்லை. முற்பணம் பிறகு பார்க்கலாமாம். உள்ளே போய் அறைக் கதவின் திறப்பை எடுத்துவந்து என் கைக்குள் வைத்துப் பொத்தினார். வெள்ளிக்கிழமை பொங்கிப் படைத்துவிட்டுக் குடிவரச் சொன்னார். பெக்கி குந்தியிருக்கிற இடத்திலேயே மண்ணைக் கிண்டி, கல் வைத்து, அடுப்பு மூட்டப் போவதாகவும் சொன்னார்.

நான் முழங்காலில் இருந்து பெக்கியைத் தடவிப் பார்த்தேன். முதுகு பலகை போல் இருந்தது. காது முன்னால். வால் மண்ணில் செத்துக் கிடந்தது. அவளுக்கு வயது போய்விட்டது, மூக்கும் பழுதாகியிருக்கும், களைப்பில் குந்தியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கையில் திறப்பு இருக்கும்போது மனிதனுக்கு என்னவெல்லாம் தோன்றுகிறது.

"அக்கா," என்றேன், "அவ கும்பிடல. வேல செய்யுறா. கீழ வெடிமருந்து இருக்கு."

அக்காவின் செருப்பு ஓரடி பின்னால் போன சத்தம் கேட்டது.

"இது கண்ணிவெடி கிளியர் பண்ணின காணி தம்பி. கடிதம் வச்சிருக்கிறன்."

"கடிதம் அவளுக்கு வாசிக்கத் தெரியாதுக்கா."

"நான் வருசா வருசம் இதிலைதான் பொங்கிறனான்."

"கொஞ்சம் தள்ளிப் பொங்கியிருப்பீங்க."

அக்கா மெதுவாக, பயந்தது போலக் கேட்டார்: "அப்ப என்ரை வைரவர்?"

வெடியைப் பற்றித்தான் எனக்குப் பயிற்சி தந்தார்கள். அக்கா என் கையைப் பிரித்துத் திறப்பை எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில், பரந்தன் சந்தி வந்ததும் நிஷாந்தன் தொடங்கினான். "குடிவந்து, ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு, ஆறுதலாச் சொல்லியிருக்கலாம் அண்ணை."

"வெள்ளிக்கிழம பொங்கலுக்கு நீயும்தானே போயிருப்ப," என்றேன். ஓட்டோ கொஞ்ச நேரம் மெதுவாக ஓடியது.

என் பழைய மேற்பார்வையாளர் பிரதாபனுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஆட்கள் வந்தார்கள், சிவப்பு நாடா கட்டினார்கள், மண்டையோட்டுப் பலகை நட்டார்கள். கல்லுக்கு நேர்கீழே மூடி இறுக்கிய ஒரு பிளாஸ்ரிக் கான். அதற்குள் பொலித்தீனில் சுற்றிய கைக்குண்டுகளும் துப்பாக்கி ரவைகளும். பொலிசுக்கு அறிவித்து, அதற்குரியவர்கள் வந்து கொண்டுபோனார்கள். கல்லும் கம்பியும் அடையாளத்துக்கு வைத்தது என்றார் பிரதாபன். திரும்பி வந்து எடுக்கிறவருக்கு இடம் மறந்துவிடக் கூடாதே. வைத்தவர் திரும்பி வரவில்லை. அவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. வன்னியில் அது நாகரிகமான கேள்வி இல்லை.

அக்காவுக்கும் இந்த அடையாள முறை தெரியாததல்ல. இடம்பெயரும்போது தன் தையல் மெசினைப் புதைத்து, மேலே அம்மிக்கல்லை வைத்துவிட்டுப் போனவர்தான். திரும்பி வந்து அம்மிக்கல்லைக் கண்டபோது மெசினைத் தோண்டினார். மற்றக் கல்லைக் கண்டபோது விளக்கு வைத்தார்.

ஊரில் பெக்கியின் பெயர் பரவியது. அந்த அதிபர் தொலைபேசியில் அழைத்தார். புதிதாக வாங்கப் போகிற காணியில் நாயை ஒரு நடை கூட்டிக்கொண்டு வந்து காட்ட முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார். வீட்டின் பின்பகுதி இன்னும் காலியாக இருக்கிறதா என்று நானும் மரியாதையாகக் கேட்டேன். அது வேறு கதை என்றார்.

மாதம் முடிய வந்தது. வவுனியா இல்லத்துக்குக் கொண்டுபோக உடுப்புகளைக் கட்டினேன். பெக்கியை வைத்திருக்கப் பிரதாபன் சம்மதித்தார். ஒரு நாயை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது அதன் பழக்கவழக்கங்களைச் சொல்ல வேண்டும். நான் தொலைபேசியில் சொல்லத் தொடங்கி, பாதியில் வைத்துவிட்டேன்.

அன்று பின்னேரம் நிஷாந்தன் வந்து ஓட்டோவில் ஏறச் சொன்னான். வட்டக்கச்சி அக்கா கூப்பிடுகிறாராம். நாயையும் கொண்டுவரட்டாம். பேச்சு வாங்கத்தான் போகிறேன் என்று போனேன்.

அக்கா கேற்றடியில் நின்றார். வைரவரைக் கழுவித் திரும்பவும் வைத்திருப்பதாகச் சொன்னார், தோண்டிய கிடங்கை மூடி அதே இடத்தில். "அவர் இல்லாட்டி, இவ்வளவு காலமும் அதுக்குப் பக்கத்திலை நெருப்பு மூட்டின எங்களை ஆர் காப்பாத்தினது, சொல்லுங்கோ பாப்பம்."

வெடிமருந்தில் ஈரம் ஏறியிருக்கலாம் என்பது நான் சொல்லாத பதில். ஈரத்துக்கு வடைமாலை போட முடியாது.

"அறையை எடுங்கோ," என்றார். "ஆனா ஒரு கதை. நாய் வெளியிலை நிக்கக் கூடாது."

சரியாகத்தான் கேட்டதா என்று எனக்குச் சந்தேகம். "வீட்டுக்குள்ள வச்சிக்கவாக்கா?"

"ஓம், உள்ளுக்குத்தான். கட்டில்லை படுத்தாலும் பறவாயில்லை. வளவுக்குள்ளை விடாதேங்கோ."

"வேற எங்கயும் இருந்தா எடுத்திரலாமேக்கா. அவ சொல்லிருவா."

"வேண்டாம் தம்பி." அக்காவின் குரல் பெக்கியின் பக்கம் திரும்பியது. "இருக்கிறது இருந்திட்டுப் போகட்டும். நாங்கள் பழகீட்டம். இனியொரு இடத்திலை இவள் குந்தினாளெண்டா எனக்குத்தான் தாங்க ஏலாது."

இப்படியாக, வடமாகாணத்தில் நாய் கட்டாயம் வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு வாடகைக்கு விடப்பட்ட ஒரே அறை எனக்குக் கிடைத்தது.

குடிபுகுந்த மறுநாளே அக்கா ஒரு மேசனைப் பிடித்தார். கேற்றிலிருந்து என் அறை வாசல்வரை சீமெந்து நடைபாதை. கண் தெரியாத பிள்ளைக்கு வசதியாக என்று ஊருக்குச் சொன்னார். ஊரும் புண்ணியம் என்றது. அதிபர் கேள்விப்பட்டு வந்து பார்த்து, இதைத்தான் தான் அன்றைக்கே சொன்னதாகச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

இதற்கு மேலால் கீழே இருக்கிறதன் மணம் ஏறாதுதானே என்று அக்கா மேசனிடம் தாழ்ந்த குரலில் கேட்டது அறைக்குள் இருந்த எனக்குக் கேட்டது. மேசனுக்கு விளங்கவில்லை. அக்கா இன்னும் ஒரு அங்குலம் கூட்டிப் போடச் சொன்னார்.

அந்த வழியில் ஒன்றும் இல்லை. குடிவந்த முதல்நாளே பெக்கி மோந்து நடந்து காட்டிவிட்டாள். நான் சொல்லவில்லை. நடைபாதை எனக்கும் வசதிதான்.