நெட் இல்லாத இடத்தில் புதுப் பாட்டு

லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி, இறந்து ஒரு வருடம் கழித்து, அவன் போனில் ஒரு புதுப் பாட்டைக் கற்றுக்கொண்டு பாடினாள். போனில் அப்போது சிம்கூட இல்லை.

துணி மடித்துக்கொண்டே பாடி, அவளே பதிவு செய்து வைத்திருந்த ஏழெட்டுப் பாட்டுகள்தான் அவனுக்கு மிச்சம். லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் சிக்னல் செத்துவிடும். கிரீஸ் வாசனையும் இரும்புக் கயிற்றின் முனகலும்தான் துணை. அங்கே அந்தக் குரல் வேண்டும் என்றுதான் ஆப் தேட ஆரம்பித்தான். முதல் ஆப் பாட்டுகளை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டது. குழிக்குள் போனதும், இணையம் இருந்தால்தான் திறப்பேன் என்று கையை விரித்தது. இரண்டாவது, அவள் மூச்செடுக்கும் இடத்தில் பற்பசை விற்றது. மூன்றாவது, அவள் இருமலை இரைச்சல் என்று துடைத்துவிட்டுப் பெருமையாக அறிவித்தது. செல்போன் கடைக்காரர்தான் நான்காவதை ஏற்றிக் கொடுத்தார். "பாக்க அசிங்கமா இருக்கும் தம்பி. ஆனா நெட்டே கேக்காது, விளம்பரம் வராது. போட்டதைப் பாடும், அவ்வளவுதான்." சிம்மையும் கழற்றி வேறொரு போனில் போட்டான். இனி அவளிடம் யாரும் நெருங்க முடியாது என்று நிம்மதியானான்.

போட்டதோடு அவள் நிற்கவில்லை. அந்த மழைக்காலத்தில் எல்லாப் பேருந்துகளிலும் அலறிக்கொண்டிருந்த பாட்டை, இரண்டாம் சரணம்வரை பிசகாமல் பாடினாள். எங்கே கேட்டாள், யாரோடு கேட்டாள் என்று தெரியவில்லை. கூட வேலை செய்பவன் மேலிருந்து எட்டிப் பார்த்து, "அண்ணே, அண்ணி குரல் தேறிடுச்சே! முன்னாடி உச்சத்துக்குப் போனா கீச்சிடுவாங்க," என்றான். மச்சினியும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். "அக்கா ஒரு இடத்துல சும்மா உக்காந்திருக்கற ஆளா மாமா? நீங்கதான் பூட்டி வெச்சிட்டதா நெனச்சீங்க." அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அவன் மச்சினியின் போனை எடுக்கவில்லை.

அடுத்த வருடம் ஓர் ஆண் குரல் கூடச் சேர்ந்தது. சுமாரான குரல், தாளமும் தப்பியது. கல்யாணமான புதிதில் மெக்கானிக் கூடப் பாடப்போனால், "நீங்க வாய மூடிட்டு ரசிங்க, அது போதும்," என்பாள். இந்தப் புதுக் குரலுக்காரனுக்காக நிறுத்தினாள், காத்திருந்தாள், அவன் வந்து சேர்ந்தபின் எடுத்துப் பாடினாள். அவன் சரணத்தில் தடுமாறியபோது சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பு மெக்கானிக்கிற்குக் கிடைத்ததில்லை. அன்று மதியம் ஆப்பை நீக்கினான். சாயங்காலம் கடைக்காரரிடமே போய்த் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தான்.

இப்போது மாதத்துக்கு நாலைந்து பாட்டு சேர்கிறது. இருவரும் நன்றாகவே பாடுகிறார்கள். சேமிக்க இடமில்லை என்று போன் சொன்ன அன்று, மெக்கானிக் குழிக்குள் உட்கார்ந்து கல்யாணப் போட்டோக்களை ஒவ்வொன்றாக அழித்தான். மூன்று பாட்டுக்கு இடம் கிடைத்தது.