இரண்டு மணிக்கொரு முறை

கரைவலைக் கயிற்றைப் பிடிக்கும் முன் சந்தியாகு இடுப்பு வரை கடலில் இறங்கி நனைந்துவிட்டு வருவார். நனைந்த கைலியில் எது கடல் ஈரம், எது தன் ஈரம் என்று யாருக்கும் தெரியாது. ஆபரேஷனும் முப்பத்தைந்து நாள் வைத்த கதிர்வீச்சுக் கரண்டும் புராஸ்டேட் புற்றை எடுத்துவிட்டன. கூடவே மூத்திரத்தை அடக்கும் பிடியையும் எடுத்துவிட்டன. தம் கட்டி இழுக்கும் ஒவ்வொரு தடவையும் சொட்டியது.

"சித்தப்பா, கடல்ல குளிச்சும் வாடை போகலயே. கக்கூசையும் கட்டித் தூக்கிட்டு வாரீகளா?" என்றான் பின்னால் நின்ற கிளாட்சன். வரிசையே சிரித்தது.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி சிரிக்கவில்லை. "ஏலலன்னா வீட்ல இரும். பாதி இழுவையில கைய விட்டா பங்கு இல்ல. ஆளு நெறய நிக்குது."

கரண்டு வைத்த உடம்புக்கு வெறும் பயிற்சி போதாது, உள்ளே மூத்திரத்தை அடக்கும் செயற்கை வால்வு வைக்க வேண்டும் என்று மதுரை டாக்டரம்மா காப்பீட்டுக்கு எழுதிப் போட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. அதுவரை வெளியே, குறியில் மாட்டி இறுக்கிக்கொள்ள ஒரு கிளிப் சொல்லியிருந்தார். இரண்டு மணிக்கொரு முறை கழற்ற வேண்டும். ஆஸ்பத்திரியில் கிளிப் இல்லை. மருந்துக் கடைகளில் அப்படியொன்றைக் கேள்விப்பட்டவரே இல்லை.

இறுக்குவதுதானே என்று பட்டது சந்தியாகுவுக்கு. நாற்பது வருஷம் வலை முடிந்த கை. பழைய வேட்டித் துணியைச் சுற்றி, மேலே நைலான் நூலால் உருவு முடிச்சுப் போட்டார். ஒரு சொட்டு இல்லை. கிளாட்சன் வாயைத் திறக்கவில்லை.

அன்று நீரோட்டம் வலையைத் தெற்கே தள்ளியது. மீன் சேரும் மடி கரைக்கு வர நாலரை மணி நேரம் ஆனது. மூன்றாவது மணியில் அடிவயிறு கல்லானது. பிறகு கீழே மரத்துப்போனது. வலி தெரியாததால் மறுநாளும் கட்டினார். ஒன்பது நாள் கட்டினார். பத்தாம் நாள் கைலியில் சீழைப் பார்த்த மனைவி யாகப்பம்மாள் அவரை மதுரைக்கு இழுத்துப்போனாள்.

டாக்டரம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்தார். "எதால கட்டுனீங்க?"

"வலை நூலு தாயி."

"ரெண்டு மணிக்கொரு தடவ கழட்டணும்னு சொன்னேனே."

"கயித்த விட்டுட்டு அவுக்க அங்கன யாரு விடுவா?"

டாக்டரம்மா மேஜையில் கிடந்த தாளைத் திருப்பினார். "வால்வுக்கு அப்ரூவல் போன வாரம் வந்துச்சு. ஆனா கரண்டு வச்ச தோல நூலு மூத்திரக் குழாய் வரைக்கும் அறுத்திருக்கு. வால்வு வச்சா அரிச்சு வெளிய வந்துரும். இனி வைக்க முடியாதுய்யா. இன்னைக்கு பெட் இல்ல. புதன்கிழமை வாங்க, வயித்துல ட்யூப் போட்டுப் பை மாட்டிருவோம். கடல்ல மட்டும் எறங்கக் கூடாது."

ராமேஸ்வரம் பஸ் பாதி காலியாக இருந்தது.

"உக்காருங்கய்யா. பாம்பனுக்கு நாலு மணி நேரம் ஆகும்," என்றார் கண்டக்டர்.

"இருக்கட்டும்."

மனைவிக்குப் பக்கத்துச் சீட்டைத் தொடாமல், கம்பியைப் பிடித்தபடி நின்றார். பரமக்குடி தாண்டியும் நின்றார். ராமநாதபுரம் தாண்டியதும் யாகப்பம்மாள் பையிலிருந்து துண்டை எடுத்து, ஜன்னலைப் பார்த்தபடியே, அவர் காலடியில் போட்டாள்.