ஐந்து அடிக்கோடு

"வலின்னு அழுத்தினா 'சரி'ங்குதும்மா!" என்று போனில் கத்தினார் பேச்சுப் பயிற்சி டாக்டரம்மா. "நர்ஸ் வந்து எப்படி இருக்குன்னு கேக்கறாங்க. இவர் பட்டனை அழுத்தறார். டேப்லெட் 'சரி, சரி'ங்குது. அவங்களும் சரின்னு போயிட்டாங்க. மனுஷன் காலையிலேர்ந்து துடிச்சிருக்கார்!"

காவக்காரி எழுந்து நின்றுவிட்டாள். காவக்காரி என்பது அவள் பெயரல்ல, அலுவலகத்தில் வைத்த பட்டம். வெளியாட்கள் அனுப்பும் ஃபைல்களை வாங்கி சர்வரில் வைக்கும் பகுதி முழுக்க அவள் எழுதியது. யாரையும் லேசில் நம்ப மாட்டாள். ஆடியோ என்று பெயர் போட்டு வந்தால் உள்ளே ஆடியோதானா என்று பிரித்துப் பார்ப்பாள். அளவு மிஞ்சினால் வாசலோடு திருப்பி அனுப்புவாள். உள்ளே விட்டதையும் சர்வரில் தானாக ஓடி வாலாட்ட முடியாத ஓர் ஓரத்தில்தான் உட்கார வைப்பாள். "மாப்பிள்ளையைக்கூட இப்படி விசாரிக்க மாட்டாங்க, காவக்காரி" என்று பக்கத்து மேசைக்காரன் அடிக்கடி கிண்டல் செய்வான். அவளுக்கு உள்ளூர அதில் கொஞ்சம் பெருமைதான்.

இந்த சைட் அந்த மருத்துவமனைக்காகச் செய்தது. குரல்வளையை எடுத்தே ஆக வேண்டும் என்றானவர்கள், அறுவைக்கு முன்பே தங்களுக்கு வேண்டிய சொற்களைச் சொந்தக் குரலில் பதிந்து அனுப்பி வைப்பார்கள். பிறகு டேப்லெட்டில் பட்டனைத் தொட்டால் அந்தக் குரலே பேசும். இப்போது படுத்திருப்பவர் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். மைக் இல்லாமலே சந்தையின் மறுகோடி வரை போகிற குரலாம். போன வாரம் அறுவை முடிந்தது. இனி அந்தத் தொண்டையிலிருந்து ஒரு சொல் வராது. டேப்லெட் இன்று காலைதான் அவர் கைக்கு வந்திருக்கிறது.

"இன்னொண்ணும் கேளு" என்றார் டாக்டரம்மா. "வீட்டு ஆளுங்களுக்குத் தனித்தனிப் பட்டன் இருக்குல்ல? எதை அழுத்தினாலும் 'தம்பி'ங்குது. தண்ணி கேட்டாலும் 'தம்பி'. அவர் சம்சாரத்தையே 'தம்பி'ன்னு கூப்பிடுது!"

பக்கத்து மேசைக்காரனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காவக்காரிக்கும் வாய் ஓரம் துடித்தது. அடுத்த நொடியே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஏலக்காரருடைய ஃபோல்டரைத் திறந்தாள். ஒரு கூடை நிறையச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து ஃபைல்தான் கிடந்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் அடிக்கோடு. ஒன்றில் மூன்று, ஒன்றில் ஐந்து, மற்றவற்றில் இன்னும் நீளமாக.

அட பாவி மகளே, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஃபைலின் பெயரில்கூட விஷமம் வரும் என்று அவளுக்குத் தெரியும். பெயருக்குள் நாலு புள்ளியும் சாய்கோடும் செருகி, வேறு ஃபோல்டருக்குள் ஏறிக் குதிக்கப் பார்ப்பார்கள். அதனால் வருகிற பெயரையெல்லாம் கழுவித்தான் வைப்பாள். ஆங்கில எழுத்தும் எண்ணும் நிற்கும், மற்றது எதுவானாலும் அதற்குப் பதில் ஒரு அடிக்கோடு. பழைய வேலை ஒன்றிலிருந்து எடுத்து அப்படியே ஒட்டிய வரி அது. அந்த வரிக்குத் தமிழ் எழுத்து மொத்தமும் 'மற்றது'தான்.

கணினிக்கு 'தம்பி' என்பது ஐந்து துண்டு. த, ம, மேலே ஒரு புள்ளி, ப, கடைசியில் இகரக் குறி. அக்காவும் ஐந்துதான், தண்ணியும் ஐந்துதான். ஏலக்காரர் மகளைச் செல்லமாகக் கூப்பிடும் 'அம்மு'வும் மனைவியைக் கூப்பிடும் 'இந்தா'வும்கூட ஐந்து. எல்லாமே ஐந்து அடிக்கோடு. ஒவ்வொன்றும் வந்து முந்தையதன் மேலேயே உட்கார்ந்து அதை அழித்திருக்கிறது. கடைசியாக வந்தது தம்பி. வலிக்கும் சரிக்கும் மும்மூன்று, அதில் சரி பின்னால் வந்திருக்கிறது. பட்டனில் தெரிகிற பெயரை மட்டும் கழுவாமல் தனியே எழுதி வைத்ததால், மேலே பெயர் சரியாகவும் உள்ளே குரல் தப்பாகவும் ஆகிவிட்டது.

"நாள் பூரா தமிழ்ல தொணதொணன்னு பேசறோம். சோதிச்சுப் பாக்கறப்ப மட்டும் ஏபிசின்னே பேர் வச்சிருக்கேன் பாரு" என்றாள். பக்கத்து மேசைக்காரன் இந்தத் தடவை சிரிக்கவில்லை. அவனும் அப்படித்தான் சோதித்திருந்தான்.

முதலாளி வந்து தோளுக்குப் பின்னால் நின்றார். "ராத்திரி எடுக்கற பிரதியில இருக்குமே?"

"எல்லாத்தையும் ஒரே மத்தியானத்துல அனுப்பியிருக்காங்க சார். ராத்திரி பிரதி எடுக்கறப்ப கடைசிதான் மிச்சம்."

அவர் தாடையைத் தடவினார். "அவங்க போன்லதான் கோளாறுன்னு சொல்லிப் பாப்போமா?"

"போன் ஒழுங்காத்தான் அனுப்பிச்சு. ஒண்ணு மேல ஒண்ணா போட்டு மூடினது நான்."

முதலில் வாசலைச் சாத்தினாள். இனி வருகிற ஒவ்வொரு ஃபைலுக்கும் சர்வரே சொந்தமாக ஒரு எண் வைக்கும், அனுப்பியவர் வைத்த பெயர் வெறும் சீட்டாக மட்டும் ஒட்டியிருக்கும் என்று மாற்றி, தமிழ்ப் பெயர்களை வைத்தே சோதித்தாள். செய்து முடிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. இவ்வளவு சுலபமானதை முதலிலேயே செய்யாமல் விட்டோமே என்பதுதான் அவளைக் குத்தியது. லேப்டாப்பைப் பையில் திணித்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பினாள்.

ஏலக்காரர் கழுத்தில் குழாயோடு கண்ணை மூடிப் படுத்திருந்தார். அறைக்கு வெளியே நாற்காலியில் அவர் மனைவி துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். காவக்காரி பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்போ உள்ள இல்லையா?"

"இல்லக்கா. உங்க போன்ல இருக்குமா?"

"'பத்திரமாகச் சேர்ந்துவிட்டது'ன்னு பச்சையா காட்டிச்சு. போன்ல இடமில்லைன்னு பையன் எல்லாத்தையும் அழிச்சுட்டான்."

"அந்த வரியையும் எழுதினது நான்தான்க்கா" என்றாள் காவக்காரி.

மனைவி மடித்த துண்டை உதறி மறுபடி மடித்தாள். "தண்ணின்னா கை காட்டினாலே தெரிஞ்சுக்குவேன். வலின்னா மூஞ்சியே சொல்லிடும். பசங்களைக் கூப்பிட ஒரு தட்டு தட்டினாப் போதும். இந்தாவை நான் எங்க போய்க் கேப்பேன்? கல்யாணம் ஆனதுலேர்ந்து அந்த மனுஷன் என் பேரைச் சொன்னதே கிடையாது. அதுதான் எனக்குப் பேரு. குரல் போகப் போகுதுன்னு தெரிஞ்சுதானே உன்கிட்ட கொடுத்து வச்சோம். அதையும் தொலைச்சுட்டு வந்து நிக்கறியே, நல்லா இருக்கா இது?"

காவக்காரி தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போகவும் மனம் வரவில்லை.

"ஒரு விஷயத்துக்காவது உன் சைட்டு ஒழுங்கா நடந்துச்சா?" கோபம் இன்னும் அடங்கவில்லை. "முதல் நாள் எதை அனுப்பினாலும் வேணாம் வேணாம்னு திருப்பி அடிச்சுது. வீடியோவா எடுத்துட்டாருன்னு, பையன் ஃபைல் பேரை ஆடியோ மாதிரி மாத்திக்கூட அனுப்பிப் பாத்தான். அதையும் பிடிச்சுக்கிச்சு. அப்புறம்தானே எல்லாத்தையும் புதுசா பேசினாரு."

காவக்காரி சடாரென்று நிமிர்ந்தாள். "பேரை மாத்தியா? உள்ள இருந்தது வீடியோவா?"

"அதான் சொன்னேனே."

பெரிதாக இருக்கிறது, தேவையில்லாதது என்று திருப்பிய ஃபைல் அப்போதே அழிந்துவிடும். வேஷம் போட்டு வந்து மாட்டியதை மட்டும் அவள் அழிப்பதில்லை. யார் என்ன தந்திரம் செய்கிறார்கள் என்று ஆற அமரப் பார்க்கத் தனியே பூட்டி வைப்பாள். அங்கே சர்வரே எண் போட்டுவிடும். எதுவும் எதன் மேலும் உட்காராது. திருடனுக்கு ஒதுக்கிய அறையில் செய்த ஒழுங்கை வீட்டுக்காரருக்குச் செய்யவில்லையே என்று நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

லேப்டாப்பை மடியில் விரித்தாள். ஏலக்காரர் கணக்கிலிருந்து பிடிபட்டது ஒன்றே ஒன்று. "உங்க வீட்டு வீடியோ. திறக்கட்டுமாக்கா?"

"சீக்கிரம் திற."

திரையில் ஒரு மின்விசிறி சுற்றியது. ஓரத்தில் யாருடைய தாடையோ பாதி தெரிந்தது. பிறகு அந்தக் குரல் நடைபாதை முழுக்க அதிர்ந்தது. "இந்தா! எங்க போன? இந்தச் சனியன் பதியுதா இல்லையான்னு கொஞ்சம் வந்து பாரேன்!" தூரத்தில், சமையலறையிலிருந்து, ஒரு பெண் குரல். "தோ வர்றேன். எதுக்கு இப்படிக் கத்தறீங்க? கத்தாதீங்க!" அதோடு நின்றது.

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. காவக்காரி அவள் முதுகில் கை வைத்தாள்.

"அந்தக் கடைசியை வெட்டிடும்மா" என்றாள் மனைவி. "அது நான்தான். அது வேணாம்."

காவக்காரி குரலை மட்டும் பிரித்தெடுத்து, 'எங்க போன'வோடு நறுக்கி, 'இந்தா' பட்டனில் சேர்த்தாள். சேர்ந்ததா என்ற பச்சைக் குறியை அவள் நம்பவில்லை. இயர்போனைக் காதில் மாட்டி இரண்டு தடவை கேட்டுப் பார்த்த பிறகுதான் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏலக்காரர் விழித்திருந்தார். நடைபாதையில் ஒலித்த தன் குரல் அவர் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது. காவக்காரி பட்டனைக் காட்டினாள். காலையிலிருந்து பொய் சொன்ன டேப்லெட் ஆயிற்றே, அவர் விரல் தயங்கித் தயங்கித்தான் தொட்டது.

"இந்தா! எங்க போன?"

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றிருந்தாள் மனைவி. "இங்கதாங்க இருக்கேன்" என்றாள்.

அவர் மறுபடி அழுத்தினார். அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுப் பக்கம் இறங்கியது. விரலை எடுத்துவிட்டு, சத்தம் அதிகமோ, குறைக்கட்டுமா என்று மனைவியிடம் கையால் கேட்டார்.

அவள் எட்டி அந்தக் கையைப் பிடித்து மறுபடி பட்டன் மேல் வைத்தாள்.

"கத்துங்க" என்றாள். "நல்லா கத்துங்க."