நீக்கிய பெயர்கள் பதில் சொன்ன காலம்

நாங்கள் எழுதிய நொச்சி என்ற நிரல்மொழியில் ஒரு பிழை இருந்தது. நீக்கிவிட்ட பெயரைக் கூப்பிட்டாலும் அது பதில் சொல்லும். நொச்சி மொழியில் எது நடந்தாலும் அது கோயம்புத்தூரிலும் நடக்கும் என்பதால் ஊரிலும் அப்படியே இருந்தது. இடித்துவிட்ட தியேட்டரின் பெயரைச் சொன்னால் டிக்கெட் கவுன்ட்டர் திறந்தது. நிறுத்திவிட்ட டவுன் பஸ்ஸின் பெயரைச் சொல்லிக் கைகாட்டினால் பஸ் நின்றது. கண்டக்டர் எல்லோரையும் உள்ளே தள்ளிப் போகச் சொன்னார்.

நொச்சியை எழுதியவர்கள் நாங்கள் மூன்று பேர்: நான், மங்கையர்க்கரசி, லூர்துராஜ். கல்லூரி முடித்த வருடம் கணபதியில் ஒரு மோட்டார் பம்பு கடையின் மாடியில் அறை எடுத்து எழுதத் தொடங்கினோம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்தோம். எடை மெஷின்களும் மில் தறிகளும் ஆஸ்பத்திரி டோக்கன் பலகைகளும் அதில் ஓடத் தொடங்கின. பிழைகளைப் பேசுவதற்கென்று ஒரு மடல் குழு இருந்தது. முகம் தெரியாத ஆட்கள் அதில் நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள். கீழே கடையில் பம்புகளைச் சோதித்துப் பார்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த இரண்டும் சேர்ந்ததுதான் எங்கள் இளமை.

நினைவகப் பகுதியை எழுதியவன் லூர்து. எந்தப் பெயருக்கு எந்த இடம், அதை எப்போது காலி செய்வது என்பதெல்லாம் அவன் பொறுப்பு. ஒரு மே மாதம் மதியம் மின்சாரம் போனது. ஃபியூஸைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி டெஸ்டரை எடுத்துக்கொண்டு படியிறங்கினான். பாதிப் படியில் உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

அதற்கப்புறமும் மங்கை மாடிக்கு வந்து அவன் பெயரைச் சொல்வாள். அவன் படியேறி வருவான். நீக்கிய பெயர் தன் கடைசி மதிப்போடுதான் பதில் சொல்லும். ஆகவே எப்போதும் அதே நீலக் கட்டம் போட்ட சட்டை, கையில் அதே டெஸ்டர், வாயில் அதே கேள்வி.

"கரண்ட் வந்துருச்சா?"

"வந்துருச்சு, உட்காரு" என்பாள் மங்கை.

முந்தைய தினம் வந்துபோனது அவனுக்கு நினைவிருக்காது. சாப்பிடாமல் போனவன் என்பதால் மங்கை தேங்காய் பன் வாங்கி வைத்திருப்பாள். நான் என் மேஜையிலிருந்து அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு வேலை பார்ப்பேன். இப்படி ஐந்து வருடம் போனது.

இடம் போதாமல் போனதில்தான் சிக்கல் வந்தது. பதில் சொல்கிறவர்கள் எங்காவது உட்கார வேண்டுமல்லவா? ஆஸ்பத்திரி ஒன்றின் டோக்கன் கவுன்ட்டரில் வேலை பார்க்கும் பாக்கியம் எனக்குப் போன் செய்தார்.

"சார், பலகை பழைய பேரையெல்லாம் கூப்பிடுதுங்க. குணமாகிப் போனவங்க, குணமாகாமப் போனவங்க எல்லாரும் வந்து உட்கார்ந்திருக்காங்க. அவங்களை எந்திரிக்கச் சொல்ல எனக்கு மனசு வரலை. ஆனா நெறமாசப் பொண்ணு ஒண்ணு காலையிலிருந்து நின்னுட்டிருக்குதுங்க."

மடல் குழுவில் விஷயத்தைப் போட்டேன். இது பிழையே அல்ல, வசதி என்று கரூர்க்காரர் ஒருவர் எழுதினார். செத்துப்போன அவர் நாய் தினமும் சாயங்காலம் வந்துகொண்டிருந்தது. வசதியென்றால் அதைக் கையேட்டில் சேர்க்க வேண்டும் என்றார் இன்னொருவர். அந்த வாரக் கடைசியில் நார்வேயில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பெண், துஷ்யந்தி, ஒரு திருத்தம் அனுப்பினார். சில வரிகள்தான். பெயரை நீக்கும்போதே அதன் இடத்தையும் துடைத்துவிடும். 'இவ்வளவு காலமும் இதை ஏன் விட்டு வைத்திருந்தீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை' என்று கீழே எழுதியிருந்தார்.

மங்கை, 'பார்க்கிறோம்' என்று மட்டும் பதில் போட்டாள். அப்புறம் பார்க்கவில்லை. தேங்காய் பன் மட்டும் தினமும் வந்தது. துஷ்யந்தி மரியாதையாக இரண்டு தடவை நினைவூட்டினார். பாக்கியமும் திரும்பப் போன் செய்தார்.

"மங்கை" என்றேன்.

"தெரியும்" என்றாள்.

நினைவகப் பகுதியில் யார் கைவைத்தாலும் அதை எழுதியவரின் சம்மதம் வேண்டும் என்பது எங்கள் விதி. எழுதியவர் நீக்கப்பட்டவர் என்பதற்காக விதி மாறாது. அன்று மங்கை பன்னைத் தட்டில் வைத்துவிட்டுப் பெயரைச் சொன்னாள். லூர்து ஏறி வந்தான். கரண்ட் வந்துருச்சா என்றான். உட்கார வைத்து, திரையை அவன் பக்கம் திருப்பினோம்.

வாசிக்க வாசிக்க அவன் முகம் மலர்ந்தது. நல்ல நிரலைப் பார்த்தால் அவன் காது மடல் சிவக்கும். அதை நான் மறந்தே போயிருந்தேன்.

"யாரு இந்தப் பொண்ணு? இதை நானில்ல கண்டுபிடிச்சிருக்கணும்?"

அவன் மறுபடி மேலிருந்து வாசித்தான். பிறகு டெஸ்டரை மேஜைமேல் வைத்தான்.

"இதுல நானும் வர்றேனா?"

"வர்றே" என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"அஞ்சு வருசமா."

அவன் பன்னில் ஒரு கடி கடித்து மென்றான். "அதான் உனக்கு நரைச்சிருக்கு. சாயம் ஒத்துக்கலையோன்னு நினைச்சேன்."

பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். "ஆனா இதுல ஒரு தப்பு இருக்கு. ஒருத்தர் பேசிட்டிருக்கறப்ப துடைச்சா பாதி வார்த்தை அந்தரத்துல நிக்கும். அதை யாரு எடுக்கறது? பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்." அவனே ஒரு வரி சேர்த்தான். கீழே தன் பெயரைப் போட்டு, சம்மதம் என்று தட்டினான். துஷ்யந்தி நார்வேயிலிருந்து உடனே நன்றி சொன்னார். நான் திருத்தத்தை இணைத்தேன்.

ஊரெங்கும் அது இறங்கத் தொடங்கியது. தியேட்டர் கவுன்ட்டர் கடைசி ஆளுக்குச் சில்லறை கொடுத்துவிட்டு மூடியது. கரூர் நாய் ஒருமுறை குரைத்து முடித்தது. ஆனால் இடங்கள் எல்லாம் ஒரே சமயத்தில்தான் துடைக்கப்படும்; ஒருவர் பேச்சு மிச்சமிருந்தாலும் மொத்தத் திருத்தமும் நிலுவையில்தான் நிற்கும். பேசிக்கொண்டிருந்தவன் லூர்து ஒருவன்தான்.

மங்கைக்கு அது புரிந்துவிட்டது.

"எதையும் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணணும்னு சொன்னியே, அதை நான் இன்னும் ஒத்துக்கலை" என்றாள்.

கல்லூரி கேன்டீனில் ஆரம்பித்த சண்டை அது. நொச்சியில் வரிசைகளை ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்பது மங்கையின் கட்சி. ஓட்டுப் போட்டபோது நான் அவள் பக்கம் நின்றதால் மொழி ஒன்றிலிருந்தே எண்ணியது.

"கடைக்காரர்கிட்ட போய் பூஜ்யமாவது வாழைப்பழம் குடுங்கன்னு கேப்பியா?" என்றாள்.

"ஸ்கேல்ல பாரு. எங்கிருந்து ஆரம்பிக்குது?" என்றான் அவன்.

"ஸ்கேல் வேற, வாழைப்பழம் வேற."

"பொறந்த உடனே குழந்தைக்கு என்ன வயசுன்னு சொல்லு."

அதே வரிகள். நான் அவற்றை இருபது வயதில் கேட்டிருக்கிறேன். அப்போது எரிச்சலாக இருந்தது. சீக்கிரம் முடியுங்கள், பஸ்ஸுக்குப் போக வேண்டும் என்று கத்தியிருக்கிறேன். இப்போது கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெயில் ஜன்னலிலிருந்து அலமாரிக்குப் போனது. கீழே பம்பு சத்தம் நின்று, கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கினார். லூர்து தோற்கவில்லை, மங்கையும் தோற்கவில்லை. ஒருவர் மூச்சு வாங்கும்போது மற்றவர் தொடர்ந்தார்.

பாக்கியம் போன் செய்தார். "சார், இன்னும் இடம் காலியாகலைங்க. அந்தப் பொண்ணு இப்ப தரையில உட்கார்ந்திருக்குது."

நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மங்கை கேட்டாள். லூர்துவும் கேட்டான். ஆனால் அவன் வாதத்தின் நடுவில் இருந்தான். வாதத்தின் நடுவில் நிறுத்த அவனால் ஒருநாளும் முடிந்ததில்லை.

மங்கை அவன் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த பன் தூளைத் தட்டிவிட்டாள்.

"சரி. நீ சொல்றதுதான் சரி. பூஜ்யத்திலிருந்தே எண்ணலாம்."

லூர்து அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இதைக் கேன்டீன்லயே ஒத்துக்கிட்டிருந்தா எவ்வளவோ நேரம் மிச்சமாகியிருக்கும்" என்றான்.

வாக்கியம் முழுதாக முடிந்தது. நாற்காலி காலியாக இருந்தது. சற்று நேரத்தில் பாக்கியம், எல்லோருக்கும் உட்கார இடம் கிடைத்துவிட்டதாகச் செய்தி அனுப்பினார். மங்கை தட்டைக் கழுவி வைத்தாள். நான் அவளை பஸ் ஸ்டாப்பில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் அவள் எனக்கு முன்பே வந்து வேலையை ஆரம்பித்திருந்தாள். ஒத்துக்கொண்டால் ஒத்துக்கொண்டதுதான் என்றாள். அந்த வாரம் முழுக்க இருவரும் உட்கார்ந்து மொழியைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும்படி மாற்றினோம். மடல் குழுவில் பெரிய சண்டை நடந்தது. துஷ்யந்தி எங்கள் பக்கம் நின்றார். வெள்ளிக்கிழமை மதியம் புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டு டீ குடிக்கக் கீழே இறங்கினோம்.

தெருவின் முதல் வீட்டுக்கு முன்னால், நாங்கள் அதுவரை பார்த்திராத ஒரு வீடு இருந்தது. மஞ்சள் சுண்ணாம்பு அடித்த சின்ன வீடு, கதவு எண் பூஜ்யம். கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கேட்டருகே நின்றிருந்த அம்மாள் எங்களைப் பார்த்ததும் வெளியே வந்தார்.

"இந்தத் தெருவுல எல்லாருக்கும் பேப்பர் போடறாங்க. எங்களுக்கு மட்டும் போடறதே இல்லைங்க. கல்யாணமாகி வந்ததிலிருந்து பாக்கறேன்" என்றார்.

மங்கை பையிலிருந்து பேனாவை எடுத்தாள்.

"எந்தப் பேப்பருங்க வேணும்?" என்று கேட்டாள்.