பன்னிரண்டாவது கல்வீடு

எங்கள் ஊருக்கு மேலே இருக்கிற கரட்டில் கல்வீடுகள் பதினொன்று. மூன்று பக்கம் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், குனிந்துதான் நுழைய வேண்டும். அந்தக் காலத்தில் குள்ளர்கள் இருந்த வீடு என்று ஊரில் சொல்வார்கள். போன மாதம் ராயப்பன்பட்டியிலிருந்து கல்லூரி ஆசிரியை எப்சிபா மேடம் டேப்பும் நம்பர்ப் பலகையுமாக வந்து, என்னை வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு எண்ணினார். பன்னிரண்டு வந்தது.

வராமல் என்ன செய்யும்? பன்னிரண்டாவதைக் கட்டியவன் நான்தான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் கறிக்குழம்பில் உப்புக் கூட என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். அதற்கு என் பெண்டாட்டி பவுனு என் வம்சத்தையே இழுத்து வைத்துப் பேசினாள். நானும் ரோஷக்காரன். "கேரளாவுல வண்டன்மேட்டுக்கு ஏலக்காத் தோட்ட வேலைக்குப் போறேன். இனி இந்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, அவள் கண்ணில் படாமல் கொஞ்சம் அரிசியும் கைக்குக் கிடைத்த தூக்குச்சட்டியுமாகக் கிளம்பினேன். மூடியைத் தேட ரோஷம் விடவில்லை.

கம்பம் பஸ் வருவதற்குள் அந்த ரோஷம் பாதியாகிவிட்டது. மலையேறிப் போய்க் கங்காணியிடம் கைகட்டி நிற்பானேன்? மோட்டார் ரூமில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு கரட்டில் ஏறினேன். சிதறிக் கிடந்த கல்லை நெம்பி நிறுத்தி வீடு கட்டினேன். பத்தொன்பது நாள் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டு அதில்தான் இருந்தேன். திரும்பும்போது கம்பம் பஸ் ஸ்டாண்டில் நேந்திரங்காய்ச் சிப்ஸ் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டேன், கேரளாவுக்குச் சாட்சியாக. கரி பிடித்த தூக்குச்சட்டியோடு போனால் குட்டு உடைந்துவிடும் என்று அதைப் பின்கல்லுக்கு அடியில் செருகிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தால் அங்கே சண்டை. நான் இல்லாத நேரத்தில் பவுனின் அக்கா மூக்கம்மாள் கெங்குவார்பட்டியிலிருந்து வந்து ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போயிருக்கிறாள். அந்தத் தூக்குச்சட்டி எங்கள் கல்யாணத்துக்கு அவள் பேர் வெட்டிக் கொடுத்தது. "குடுத்ததையே திருப்பித் தூக்கிட்டுப் போயிட்டியாக்கா" என்று பவுனு போனில் கேட்க, அதோடு பேச்சு முறிந்தது. அக்கா மகள் கல்யாணத்துக்குக்கூட இவள் போகவில்லை. அன்றைக்கு முழுக்க அந்த மூடியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்போதாவது நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான் கோழைதான், மறுக்கவில்லை.

மேடமோ பன்னிரண்டாவது வீட்டை விட்டு நகரவே இல்லை.

"கருத்தக்கண்ணண்ணே, இதக் கட்டுனவன் மத்தவங்க மாதிரி இல்ல. மழத்தண்ணி வழியக் கூரைக்கல்லச் சாச்சு வச்சிருக்கான். வாசலக் காத்துக்கு மறைவா வச்சிருக்கான். நல்ல மூளைக்காரன்."

கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் என்னை ஒருத்தர் மூளைக்காரன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. வாங்கிக்கொள்ளத்தான் வழியில்லை.

"மத்ததெல்லாம் செத்தவகளுக்குக் கட்டுனது. இதுல பாருங்க, புகைக்கரி. ஆள் குடியிருந்திருக்கு. இதப் பத்திக் கட்டுரையே எழுதப்போறேன்."

படித்த பிள்ளை, என் பேச்சை நம்பிக் கூட வந்தது. நாளைக்கு நாலு பேர் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். சொல்லலாம் என்றால், சாப்பாட்டுக் கூடையோடு பவுனு ஏறி வந்துகொண்டிருக்கிறாள்.

"மேடம், அந்தக் கடைசி வீடு வந்து..." என்று ஆரம்பித்தேன். மேடம் அதற்குள் டார்ச் அடித்துப் பின்கல்லுக்கு அடியில் கையை விட்டுவிட்டார். வெளியே வந்தது எவர்சில்வர்.

துடைத்துப் பார்த்து மெதுவாக வாசித்தார். "தங்கை பவுனுக்கு மூக்கம்மாள்."

கூடையை இறக்கிய பவுனு அப்படியே நின்றாள். சட்டியைப் பார்த்தாள், கரியைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்தாள்.

"இதான் வண்டன்மேடா?"

"மழைக்கு ஒழுகாது" என்றேன்.

அவள் மேடத்தின் போனைக் கேட்டு வாங்கி நம்பரை அழுத்தினாள். ஆறு வருடமாகியும் நம்பர் மறக்கவில்லை. "அக்கா" என்றாள். உடனே அழ ஆரம்பித்தாள். அந்தப் பக்கமும் அழுகைச் சத்தம்தான் கேட்டது. எனக்குத் தலை நிமிரவில்லை.

அழுது தீர்த்துப் பேசி முடித்து, போனைக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள். "அக்கா ஞாயித்துக்கெழம வருது. அதுவரைக்கும் நீங்க கேரளாவுலயே இருங்க."

மேடம் சிரிக்கவும் முடியாமல், திட்டவும் முடியாமல் பன்னிரண்டாம் நம்பர்ப் பலகையைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான்கு நாள் இருந்தேன். ஒருநாள் நல்ல மழை, ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவும் தங்கையும் கைகோத்துக்கொண்டு ஏறி வந்தார்கள். தூக்குச்சட்டி பளபளவென்று இருந்தது. ஆறு வருடத்துக்குப் பிறகு அதன் மேல் அதன் மூடி. மூக்கம்மாள் என் வீட்டைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"என்னயப் போயிக் களவாணின்னியேடி. களவாணி இங்கனல்ல வீடு கட்டிக் குடியிருந்திருக்காக" என்றாள்.

பவுனு மூடியைத் திறந்து சோற்றில் கறிக்குழம்பை ஊற்றினாள். ரெண்டு பேரும் எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்தார்கள்.

உப்புக் கூடத்தான். இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.