வெறும் மணிகளின் குழாய்

உலகத்தோர் கவனத்திற்கு: வைரஸின், புரோட்டீன்களை வெட்டும் கத்தரி நொதி, மனித செல்லின் காவல் புரோட்டீன் ஒன்றைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்கிறது என்ற மாபெரும் உண்மை ஆறாண்டுகளுக்கு முன் கண்டறியப்பட்டது. கண்டறிந்தவருக்குப் பதக்கமும், சுழலும் நாற்காலியும், அதில் சுழல்வதற்கான ஓய்வும் கிடைத்தன.

முறை ஒன்றும் பெரிய வித்தையல்ல. நொதியைப் பொடி மணிகளில் கட்டி, செல்லை நசுக்கிய சாற்றில் ஊறப்போட்டு, அலசி, எது ஒட்டிக்கொண்டு வருகிறதோ அதைக் கூட்டாளி என்று எழுதிக்கொள்வது. பக்கத்திலேயே நொதி கட்டாத வெறும் மணிகளையும் ஒரு குழாயில் ஊறப்போட வேண்டும். மணிக்கே ஒட்டும் புத்தி இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். அவர் அந்தக் குழாயைப் போடவில்லை. போட்டி ஆய்வுக்கூடம் முந்திவிடுமே என்ற பதற்றம்.

அவருடைய ஆய்வுக்கூடத்திலேயே ஆய்வாளராக இருந்த அவர் மனைவி, முடிவை அறிவித்த கூட்டத்தில் எழுந்தாள். "வெறும் மணிக் குழாய் எங்க?"

"வீட்டுலயும் இப்படித்தான். கதவைப் பூட்டினீங்களா, கேஸை அணைச்சீங்களான்னு பிராணனை வாங்குவா" என்றார். அறையே குலுங்கிச் சிரித்தது. அடுத்த மாதம் அவள் ராஜினாமா செய்தாள். இப்போது தண்ணீர்ப் புட்டி கம்பெனி ஒன்றில் மூடிகளின் இறுக்கம் பார்க்கிறாள்.

இன்று காலை, வேறொரு சோதனைக்காக அவர் வெறும் மணிகளை ஊறப்போட்டார். அலசிய பிறகும் அதே புரோட்டீன், சோதனைப் படலத்தில் மைக்கோடு போலத் தடித்து நின்றது. மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். வார விடுமுறையில் இருந்தவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு பண்ணிட்டேன்மா."

"எந்தத் தப்பு? வரிசையா சொல்லுங்க, நேரம் இருக்கு."

"அந்தப் புரோட்டீன் நொதியில ஒட்டல. மணியில ஒட்டியிருக்கு."

"ஓ. குழாய் போட்டீங்களாக்கும்." சட்டைக் காலரை நீவினாள்.

"கட்டுரையைத் திரும்ப வாங்கிக்கறேன். நீ கேட்டதுதான் சரின்னு எழுதறேன். திரும்ப வந்துடு. உன் மேஜை அப்படியே இருக்கு."

"அதுல பிரிண்டர் வெச்சிருக்கறதா நீங்கதானே சொன்னீங்க?"

"தூக்கிடலாம்."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். "அவங்க சிரிச்சது பரவாயில்லங்க. நீங்க சொல்லிட்டு, எல்லாரும் சிரிக்கறாங்களான்னு சுத்திப் பாத்தீங்க பாருங்க."

அவர் மடிக்கணினியை எடுத்தார். அப்படியே உட்கார்ந்து, கட்டுரை வந்த பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அவள் பெயரை முதல் வரியிலேயே போட்டார். பிறகு அவளுக்கான வேலை விண்ணப்பப் படிவத்தையும் திறந்தார்.

ஆய்வாளர் பணிக்கு வயது வரம்பு நாற்பது. அவளுக்கு நாற்பத்திரண்டு.