ஓடைக்கரையில் முளைத்த மூவிலைச் செடி

மாதம்மாளின் இரண்டாவது மாடும் செத்த அன்றுதான் நல்லம்பள்ளியிலிருந்து கால்நடை டாக்டர் தஸ்தகீர் வந்தார். ஒரு மாதமாகவே மாடு மெலிந்துகொண்டு வந்தது. வயிறு மட்டும் ஊதியது. கடைசி இரண்டு நாள் முளைக்குச்சியையே சுற்றிச் சுற்றி நடந்து, விழுந்துவிட்டது. டாக்டர் அறுத்துப் பார்த்தார். ஈரல் கல்லாக இறுகியிருந்தது.

“என்னத்த மேய்ச்சீங்க?”

“மழையே இல்லீங்களே சார், புல்லுக்கு எங்க போறது? ஓடையோரம் பச்சையா இருந்ததத்தான் மேய்ச்சேன்.”

புருஷன் போனபிறகு அந்த இரண்டு மாடுகளை வைத்துத்தான் அவள் இரண்டு பிள்ளைகளையும் வளர்த்துவந்தாள்.

பக்கத்துக் காட்டுக்காரர் பெரியநாயகம் டாக்டரை ஓடைக்குக் கூட்டிப்போனார். மாதம்மாளும் பின்னால் வந்தாள். எண்பத்தாறாம் வருடக் கோடை. சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்க, மணல் திட்டில் மட்டும் இடுப்பளவுச் செடிகள். மஞ்சள் பூ, இதழில் செம்பழுப்புக் கோடுகள். டாக்டர் ஒரு நெற்றைப் பறித்து ஆட்டினார். உள்ளே விதை கலகலத்தது.

“கிலுகிலுப்பை சாதிதான். நம்மூருல பார்க்கறது ஒத்தை இலை. இதுல காம்புக்கு மூணு. வெளியூருச் செடிங்க. வெதையில வெஷம் இருக்கு, கொஞ்சம் கொஞ்சமா ஈரலைக் கெடுத்துரும். இங்க எப்படி வந்துச்சு?”

“தெரியலைங்க” என்றார் பெரியநாயகம்.

அவருக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன்னால் குடகில் காப்பித் தோட்ட வேலையை விட்டு வந்தபோது துண்டில் முடிந்து எடுத்துவந்த விதை அது. அங்கே தழையுரத்துக்கு விதைப்பார்கள்; அவரும் தன் நிலத்தில் விதைத்தார். பூத்ததும் மடக்கி உழுதுவிட வேண்டும். அந்தச் சமயம் அவர் காய்ச்சலில் கிடந்தார். காய் முற்றி வெடித்து, மழைத்தண்ணீரோடு ஓடைக்குப் போயிற்று. அங்கே முளைத்ததைப் பார்த்தும், மண்ணுக்கு நல்லதுதானே என்று விட்டுவிட்டார்.

மறுநாள் விடிந்ததும் செடிகளைப் பிடுங்கத் தொடங்கினார். சற்று நேரத்தில் மாதம்மாளும் வந்து சேர்ந்தாள்.

“ஒத்தையில எதுக்குண்ணா கஷ்டப்படறீங்க? என் மாடுதான் போச்சு, மத்தவங்களதாவது பொழைக்கட்டும்.”

இரண்டு நாள் பக்கத்தில் பக்கத்தில் நின்று பிடுங்கினார்கள். வீட்டிலிருந்து அவருக்கும் சேர்த்துக் கூழ் கொண்டுவந்தாள். மூன்றாம் நாள் அந்தக் கூழைக் குடிக்காமல் தள்ளிவைத்தார்.

“மாதம்மா, இந்த வெதையைக் கொண்டாந்தது நாந்தான்.”

அவள் கையிலிருந்த செடிக்கட்டைக் கீழே வைத்தாள்.

“வெஷம்னு தெரியுமாண்ணா?”

“சத்தியமாத் தெரியாது.”

“டாக்டரு கேட்டாரே. தெரியலைன்னீங்களே.”

அவள் கூழ் கொண்டுவந்த தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அடுத்த வாரம் பிள்ளைகளோடு பெங்களூருக்குச் சித்தாள் வேலைக்குப் போய்விட்டாள். போகிற அன்று ஊரில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டாள், அவரிடம் தவிர.

பெரியநாயகம் நல்லம்பள்ளிக்குப் போய் டாக்டரிடமும் உண்மையைச் சொன்னார். டாக்டர் கோபப்படவில்லை. நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு சொன்னார்:

“நேத்து தொப்பூர் ரோட்டோரத்துலயும் இதே செடியைப் பார்த்தேங்க. அவ்வளவு தூரம் பரவிடுச்சு. நிறைய இருக்கு.”